பெட்டி மேல் இருந்த படம் எங்கே? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்த வருடத்துக் கிறிஸ்துமஸ் கைவினைப் பெட்டி உங்களில் பலர் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கும். பிரித்துப் பார்த்த கையோடு சிலர் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். மூடி மேல் எப்போதும் இருக்கும் படம் எங்கே? ஜிகினாப் பொட்டலம் ஏன் இல்லை? விளக்குக்கு பேட்டரி ஏன் மாறியது? குடிலில் மூன்றாவது ராஜா எங்கே போனார்? நான்கில் மூன்றை யோசித்துத்தான் செய்தோம். நான்காவது எங்கள் தவறு. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் படம். போன வருடம் வரை மூடியில் ஒரு வண்ண நட்சத்திரம் இருந்தது, ஞாபகம் இருக்கும். பிசிறில்லாத விளிம்பு, கத்தி மாதிரி மடிப்பு, உள்ளே விளக்கு எரிய ஜம்மென்று தொங்கும். அதைச் செய்தது நான்தான். இரண்டு நாள் ஆனது, நான்கு தாள் பாழானது. இத்தனைக்கும் வருடக்கணக்காகத் தாள் மடித்துப் பழகிய கை. அந்தப் படத்தைத்தான் ஆறு வயதுப் பிள்ளை முன்னால் வைத்து ‘இதே மாதிரி செய்’ என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

அதன் பலனை என் வீட்டிலேயே பார்த்தேன். போன டிசம்பரில் என் மகள் நட்சத்திரம் செய்ய உட்கார்ந்தாள். மூன்றாவது முனை ஒட்டும்போது பசை கூடிப்போய்த் தாள் ஊறி, சுருங்கி, ஒரு பக்கம் தொய்ந்துவிட்டது. மூடியைப் பார்த்தாள், கையில் இருந்ததைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “குடு, அப்பா சரி பண்ணித் தரேன்” என்று வாங்கினேன். கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள், அப்புறம் பூனையைத் தேடிப் போனாள், அப்புறம் தூங்கிவிட்டாள். இரவு பதினொன்றரைக்கு நட்சத்திரம் முடிந்தது. மறுநாள் வீட்டுக்கு வந்தவர்களிடம், “இது எங்க அப்பாவோட நட்சத்திரம்” என்று காட்டினாள். கோபித்துக்கொண்டு சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள், அவ்வளவுதான்.

அதனால்தான் இந்த வருடம் படம் இல்லை. உள்ளே இருக்கும் குறிப்புத் தாளில் ஒவ்வொரு மடிப்புக்கும் வெறும் கோட்டுப் படம் உண்டு. செய்து முடித்தால் எப்படி இருக்கும் என்று மட்டும் காட்டவில்லை. அது ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கட்டும்.

பசை பற்றி ஒன்று. வெள்ளைப் பசையில் தண்ணீர் இருப்பதால்தான் தாள் ஊறிச் சுருங்குகிறது. புட்டியை அப்படியே பிதுக்காமல் ஒரு மூடியில் துளி ஊற்றி, பழைய பிரஷ்ஷால் மெல்லிசாகத் தடவச் சொல்லுங்கள். ஒட்டிய இடத்தில் ஒரு துணிக் கிளிப் மாட்டிவிட்டு அடுத்த முனைக்குப் போகலாம். ஒட்டியதும் ஒட்டாததுமாய்த் தூக்கித் தூக்கிப் பார்ப்பதால்தான் பாதி நட்சத்திரங்கள் பிரிந்துபோகின்றன.

சொல்லப்போனால், இன்று பிரபலமான தாள் நட்சத்திரம் ஒன்று பிள்ளைகள் கையில் பிறந்ததுதான். ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் நீஸ்கி என்ற ஊரில் மொரேவியன் என்ற கிறிஸ்தவச் சபையார் நடத்திய விடுதிப் பள்ளி ஒன்று இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், அங்கே வடிவக் கணிதம் கற்றுக்கொடுக்கத் தாளில் முனைகள் செய்து ஒட்ட வைத்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் இன்று ஹெர்ன்ஹூட் நட்சத்திரம் என்று பெயர் பெற்றிருக்கும் பல முனை நட்சத்திரம். வழக்கமான வடிவத்தில் 25 முனைகள். 17 முனைகளுக்கு அடி சதுரம், 8 முனைகளுக்கு அடி முக்கோணம். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கான பெட்டியில் இந்த முறை அதற்கான வெட்டுத் தாள்களைச் சேர்த்திருக்கிறோம். ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். ஒரு மாலைக்கு நான்கு முனை என்று வைத்துக்கொண்டால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும், யாருக்கும் எரிச்சலும் வராது.

அடுத்து, மடித்து வெட்டி ஆறு கை உள்ள பனித்துகள் வடிவம் செய்வதற்கான தாள். ‘வெட்டவே முடியவில்லை’, ‘எட்டுக் கை வருகிறது’ என்று இரண்டு புகார்கள் வருடா வருடம் வரும். வெட்ட முடியாததற்குக் காரணம் நாங்கள்தான். முன்பு கொடுத்த தாள் தடிமன். ஆறு கை வர வேண்டுமானால் தாள் பன்னிரண்டு மடிப்பாக ஆகிவிடும். சாதாரண நகல் தாளே ஒன்று ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர், பன்னிரண்டு சேர்ந்தால் சுமார் 1.2 மில்லிமீட்டர் கனம் வந்துவிடும். முனை மழுங்கிய குழந்தைக் கத்தரிக்கோல் அதற்கே திணறும். நாங்கள் கொடுத்ததோ சார்ட் அட்டை. இப்போது மெல்லிய தாளாக மாற்றிவிட்டோம். தீர்ந்துபோனால் செய்தித்தாளே போதும், எழுத்தும் படமும் கலந்து இன்னும் நன்றாகவே இருக்கும்.

எட்டுக் கை வருவது மடிப்பில் நேரும் தவறு. சதுரத் தாளை மூலைக்கு மூலை மடித்தால் முக்கோணம் வரும். நீளமான பக்கத்தின் நடுப்புள்ளியை விரலால் அழுத்திக்கொண்டு, வலது பக்கத்தை மூன்றில் ஒரு பங்கு மேலே கொண்டுவாருங்கள், இடது பக்கத்தை அதன் மேல் போடுங்கள். ஐஸ்கிரீம் கோன் மாதிரி ஒன்று கிடைக்கும். அதை நீளவாக்கில் நடுவில் ஒரு முறை மடித்தால் தயார். பாதி, மறுபடி பாதி, மறுபடி பாதி என்று மடித்துக்கொண்டே போனால்தான் எட்டு வந்துவிடுகிறது. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு காதுகளையும் முதலில் வெட்டிவிடுங்கள். மடிந்த ஓரங்களில் மட்டும் கொத்திக் கொத்தி வெட்டச் சொல்லுங்கள். ஓரம் முழுவதையும் வெட்டி எடுத்துவிட்டால் துண்டு துண்டாக உதிரும். உதிர்ந்தாலும் பாதகமில்லை, சன்னல் கண்ணாடியில் ஒட்டத் துண்டுகள் ஆயிற்று.

ஏன் ஆறு என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்கட்டும். வானியல் அறிஞர் கெப்ளரும் அதையேதான் கேட்டார். 1611இல் தன்னை ஆதரித்த நண்பர் ஒருவருக்குப் புத்தாண்டுப் பரிசு தர வேண்டியிருந்தபோது, பனித்துகளுக்கு ஏன் ஆறு மூலை என்று ஆராயும் சின்ன நூல் ஒன்றை எழுதிக் கொடுத்தார். முடிவான பதில் அவருக்கும் கிடைக்கவில்லை. தண்ணீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் அறுகோண வலையாக அடுக்கிக்கொள்கின்றன என்பது பின்னால் தெரியவந்த விஷயம். விடை தெரியாத கேள்வியையே பரிசாகக் கட்டிக் கொடுத்த அந்த ஆளை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஜிகினா விஷயத்துக்கு வருகிறேன். அது பெரும்பாலும் அலுமினியம் பூசிய பிளாஸ்டிக் ஏட்டைப் பொடிப்பொடியாக வெட்டியது. கையைக் கழுவினால் சாக்கடைக்குப் போகும், அங்கிருந்து ஆற்றுக்குப் போகும், மக்காது. நுண்பிளாஸ்டிக்கைக் கட்டுப்படுத்தும் விதியின் கீழ் 2023 அக்டோபரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த வகைத் தூளை உதிரியாக விற்பதே நின்றுவிட்டது. நாங்கள் நிறுத்தியதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதையும் ஒப்புக்கொள்கிறேன்: பொட்டலம் கட்டுகிற மேசையில் ஜூன் மாதம் வரை மினுமினுத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பதிலாகக் கல்லுப்பை எடுங்கள். பசை தடவிய இடத்தில் தூவி, உதறி, காயவிட்டால் விளக்கு வெளிச்சத்தில் அசல் பனிமாதிரி இருக்கும். மிட்டாய் சுற்றிவரும் பளபளத் தாளைச் சேர்த்து வைத்துக் குத்துக் கருவியால் வட்டம் வட்டமாக எடுத்தாலும் சரி.

உப்பு மாவுப் பொம்மைக்கு எங்களிடம் எதுவும் வாங்க வேண்டாம். மைதா இரண்டு பங்கு, தூள் உப்பு ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் பார்த்துப் பார்த்து விடுங்கள். கையில் ஒட்டாமல் காது மடல் மாதிரி மெத்தென்று வரும்வரை பிசையுங்கள். அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து அச்சு வெட்டுங்கள். அதற்கு மேல் போனால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நின்று, பிளந்துவிடும். தொங்கவிட ஓட்டையை உறிஞ்சுகுழாயால் போடுங்கள். பல்குச்சியால் குத்திய ஓட்டை காய்வதற்குள் மூடிக்கொள்கிறது. அடுப்பு இருந்தால் 100 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம். இல்லாவிட்டால் தினம் ஒரு முறை புரட்டிப்போட்டு நாலைந்து நாள் காற்றில் காயவையுங்கள். உப்பு ஈரத்தை இழுக்கும், அதனால் காய்ந்தபின் முன்னும் பின்னும் வார்னிஷ் அடித்தால்தான் அடுத்த வருடம்வரை தாங்கும். வீட்டில் நாய் இருந்தால் எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். அத்தனை உப்பும் நாய்க்கு விஷம்.

பேட்டரிதான் இந்த மடலில் முக்கியமான விஷயம். பழைய பெட்டிகளில் நட்சத்திர விளக்குக்குப் பொத்தான் பேட்டரி கொடுத்திருந்தோம். சின்னதாக, தட்டையாக, காசு மாதிரி இருக்கும். சிறு பிள்ளை அதை விழுங்கி உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால், இரண்டே மணி நேரத்தில் உள்ளே கடுமையாக வெந்துவிடும். எங்கள் வாடிக்கையாளர் வீடுகளில் அப்படி எதுவும் நடந்ததாகத் தகவல் வரவில்லை. நடக்கும்வரை காத்திருக்கவும் மனம் இல்லை. இந்த வருடம் விரல் அளவு பேட்டரி, திருகாணி போட்ட மூடி. பழைய விளக்கு வைத்திருப்பவர்கள் பேட்டரியைக் கழற்றி இருபக்கமும் டேப் ஒட்டித் தனியே எடுத்து வையுங்கள், விளக்கை எங்களுக்கு அனுப்புங்கள், புதியது தருகிறோம். பில் தேட வேண்டாம். பிள்ளை விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே, தானாக வெளியே வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். வாந்தி எடுக்கவைக்க முயல வேண்டாம்.

வாழ்த்து அட்டைத் தாள் வழக்கம்போல் பத்து வைத்திருக்கிறோம். முதல் வணிகக் கிறிஸ்துமஸ் அட்டையை 1843இல் லண்டனில் அச்சடிக்க வைத்த ஹென்றி கோலுக்கு, வந்த கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுத நேரமில்லை. அதற்காகக் கண்டுபிடித்த குறுக்கு வழி அது. இப்போது உங்கள் பிள்ளை ஒரு அட்டைக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டால் அவசரப்படுத்தாதீர்கள். முதலில் மடித்துவிட்டு அப்புறம் வரையச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தேவதையின் தலை பின் அட்டைக்குப் போய்விடும்.

தாள் சங்கிலிக்கு 24 பட்டைகள் இருக்கின்றன, டிசம்பர் 1 முதல் நாளுக்கு ஒரு வளையம் கிழிக்க. ஒவ்வொரு பட்டையிலும் உள்பக்கம் ஒரு வேலை எழுதிக்கொள்ளலாம். 24 நாளும் கைவினை என்று எழுதிவிடாதீர்கள், வேலை முடிந்து களைத்து வருகிற பெற்றோர் ஐந்தாம் நாளே கைவிட்டுவிடுவீர்கள். ‘இன்று விளக்கை அணைத்துவிட்டு நட்சத்திர வெளிச்சத்தில் சாப்பாடு’, ‘தாத்தா பாட்டியிடம் அவர்கள் சின்ன வயதுக் கிறிஸ்துமஸ் பற்றி ஒரு கேள்வி’, ‘இன்று ஒன்றும் இல்லை, சீக்கிரம் தூக்கம்’, இந்த மாதிரி பாதிக்கு மேல் இருக்கட்டும். எங்கள் வீட்டில் அந்தத் தூக்கச் சீட்டு எனக்கு வந்தால் நல்லது என்று ரகசியமாக வேண்டிக்கொள்வேன்.

கடைசியாக ராஜா. குடில் பொட்டலத்தில் சிலருக்கு இரண்டு ராஜாக்கள்தான் வந்திருக்கிறார்கள். மத்தேயு நற்செய்தியில் கிழக்கிலிருந்து ஞானிகள் வந்தார்கள் என்றுதான் இருக்கிறது, எத்தனை பேர் என்று இல்லை, ராஜாக்கள் என்றும் இல்லை. பொன், தூபம், வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்று என்பதால் ஆளும் மூன்றாகிவிட்டது. இப்படிச் சொல்லிச் சமாளிக்கலாம்தான். ஆனால் குறிப்புத் தாளில் நாங்களே மூன்று என்று அச்சடித்திருக்கிறோம். எண்ணிப் போடும்போது விட்டுப்போயிற்று, மன்னியுங்கள்.

ஒரு வரி எழுதினால் போதும், ராஜா தபாலில் வருவார். அதுவரை குடிலைக் காத்திருக்க வைக்க வேண்டாம். 1223இல் இத்தாலியின் கிரெச்சியோ என்ற ஊரில் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலில் வைக்கோல் போட்ட தீவனத் தொட்டியும், உயிருள்ள ஒரு மாடும் ஒரு கழுதையும்தான் இருந்தன. பிள்ளைகள் டைனோசரை உள்ளே கொண்டுவந்து நிறுத்தினாலும் நிற்கட்டும். எனக்குத் தெரிந்து ராஜா வேண்டாம் என்று எழுதியவர் ஒரே ஒருவர். அவர் மகன் சதுரங்கப் பெட்டியிலிருந்து கறுப்பு ராஜாவை எடுத்துக் குடிலில் நிறுத்திவிட்டானாம். திருப்பித் தரவும் மறுக்கிறானாம், அந்த வீட்டில் இப்போது சதுரங்கம் நின்றுபோயிருக்கிறது. அவர்களுக்கும் ஒரு ராஜா அனுப்பியிருக்கிறோம், சதுரங்கப் பலகையில் வைத்துக்கொள்ள.

அன்புடன்,
உங்கள் கைவினைக் கடைக்காரர்