2025ஆம் ஆண்டறிக்கை: செய்தது ஒன்று, பழுது பார்த்தது ஆறு

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2025 முடிவதற்குள் எட்டு அங்குலத் தொலைநோக்கி இரண்டு செய்துவிடுவோம் என்று போன ஆண்டறிக்கையில் எழுதியிருந்தேன். ஒன்றுதான் முடிந்தது. மீதி ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம், முன்பு செய்து கொடுத்தவற்றைக் கழற்றிக் கழுவி மாட்டுவதிலேயே போய்விட்டன. அடுத்த ஆண்டுக்கு என்ன செய்யலாம் என்று இன்று பேசப்போகிறோம். அதற்கு முன் இந்தக் கணக்கு எல்லோர் காதிலும் விழட்டும்.

முதலில் புதுக் கண்ணாடி, அதாவது தொலைநோக்கிக்குள் ஒளியைக் குவிக்கும் குழி ஆடி. விட்டம் எட்டு அங்குலம், குவியத் தூரம் நான்கடி. நடுவில் எடுக்க வேண்டிய பள்ளம் இரண்டு மில்லிமீட்டர் சொச்சம்தான். 80ஆம் நம்பர் கார்போரண்டம் என்ற தேய்ப்புப் பொடியில் அந்த வேலை சீக்கிரமே முடிந்தது. 120, 220, 320 என்று நைசான பொடிகளுக்கு மாறி 500-க்கு வந்த மறுவாரம் கண்ணாடியில் ஒரு கீறல். நகத்தில் தட்டுப்படவில்லை, டார்ச் அடித்தால் பளிச்சென்று தெரிந்தது. 220-இல் வேலை செய்தபோது கை துடைத்த அதே துண்டால் மேசையைத் துடைத்திருக்கிறோம். ஒரே ஒரு பொடி மணி ஒட்டியிருந்தாலும் போதும். துடைத்தது யார் என்ற விசாரணை இங்கே வேண்டாம் (நான்தான்). திரும்ப 220-க்கு இறங்கி ஏறி வர மூன்று வாரம் பிடித்தது. இப்போது ஒவ்வொரு பொடிக்கும் தனி வாளி, தனித் துணி வைத்திருக்கிறோம்.

மெருகு போடும் வேலை மே மாதத்தில் வந்து விழுந்தது. வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மெருகு போட உதவும், தார் மாதிரியான பிட்ச் இளகி, அதில் வெட்டிய வாய்க்கால்கள் மூடிக்கொண்டன. கொஞ்சம் ரோசின் சேர்த்துக் காய்ச்சிக் கெட்டிப்படுத்தி, விடியற்காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்து ஏழரைக்கு எழுந்துவிடுவது என்று வைத்துக்கொண்டோம். மெருகுப் பொடியான சீரியம் ஆக்சைடின் கறை சட்டையிலிருந்து போகாது என்று வீட்டில் வந்த புகார்களையும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஜூலையில் கத்திமுனைச் சோதனை. பிரெஞ்சு விஞ்ஞானி ஃபூக்கோ 1858-இல் சொல்லிக்கொடுத்த அதே முறைதான். கண்ணாடிக்கு எட்டடி தள்ளி ஒரு சின்ன விளக்கு, பக்கத்தில் சவர பிளேடு, பிளேடை ஒட்டிக் கண். திரும்பி வரும் ஒளியைப் பிளேடால் மெதுவாக வெட்டும்போது, பரப்பு சரியான கோளமாக இருந்தால் கண்ணாடி முழுவதும் ஒரே சீராக மங்கும். நமக்கு வேண்டியது பரவளையம் (நட்சத்திர ஒளியை ஒரே புள்ளியில் குவிக்கும் வளைவு), அது மெதுவடை மாதிரி நிழல் காட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இந்தக் கண்ணாடியில் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவு. அன்றைக்கு வந்திருந்த பத்தாம் வகுப்புத் தம்பி ஒருவர் இதை நம்பவே இல்லை. சரி, கட்டை விரலைக் கண்ணாடி மேல் ஒரு நிமிடம் வை என்றேன். விரலை எடுத்ததும் பிளேடு வழியாகப் பார்க்கச் சொன்னேன். விரல் பட்ட இடம் மேடாகப் புடைத்துக்கொண்டு நின்றது. உடம்புச் சூட்டில் கண்ணாடி வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அது அடங்கும் வரை அவர் கண்ணை எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு எனக்கு முன்னால் வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார்.

ஒளியைத் திருப்பும் அலுமினியப் பூச்சுக்குக் கண்ணாடியை வெளியூர் அனுப்பியதில் ஒரு மனக்குறை. பூச்சின் தடிமனே ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குதான். அதற்கு அடியில் யாருடைய பெருவிரல் ரேகையோ பதிந்து வந்தது. எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் ஃபெரிக் குளோரைடை வாங்கிப் பூச்சைக் கரைத்துவிட்டு மறுபடி அனுப்பினோம். இரண்டாவது கூலியும் நம் தலையில்தான் விழுந்தது.

இனி பழுது பார்த்த ஆறு. பெரும்பாலும் பள்ளிகளுக்குக் கொடுத்தவை. ஒன்றில், கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸின் குழாயில் குளவி மண்கூடு கட்டிக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. இன்னொன்றில் பல்லி எச்சம் பூச்சை அரித்து, கண்ணாடி அம்மைத் தழும்பு மாதிரி ஆகியிருந்தது. மூன்றாவதை ஆயுதபூஜைக்கு எடுத்து வைத்திருக்கிறார்கள், சந்தோஷம். ஆனால் குழாயோடு நிறுத்தாமல் முதன்மைக் கண்ணாடிக்கும் நடுவில் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டுவிட்டார்கள். அதைச் சுரண்டாமல், துடைக்காமல் அப்படியே கொண்டு வந்த ஆசிரியைக்கு இந்தச் சபையின் சார்பில் நன்றி.

கழுவும் முறையைத் திரும்பவும் சொல்லிவிடுகிறேன். முதலில் தூசியை ஊதி விடுங்கள். அப்புறம் குழாய்த் தண்ணீர் ஓட விட்டு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் ஊற வையுங்கள். பஞ்சை அழுத்தாமல், அதன் கனத்திலேயே இழுபட விடுங்கள். கடைசியாக, பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரில் அலசிச் சாய்த்து நிறுத்துங்கள். உலர்ந்த துணியை மட்டும் எடுக்கவே எடுக்காதீர்கள். தூசி இருக்கிறதே என்று மாதாமாதம் கழுவவும் வேண்டாம். கொஞ்சம் தூசியால் பார்வை கெடாது, துடைத்தால் கெடும்.

பெட்டிகளைப் பற்றி ஒரு வரி. தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் டாப்சோனியன் பெட்டியில் மைக்கா மேல் டெஃப்லான் வழுக்குவதுதான் சூட்சுமம். அங்கே யாரோ எண்ணெய் விட்டிருந்தார்கள். எண்ணெயும் தூசியும் சேர்ந்து பசையாகி, தள்ளினால் திக்கித் திக்கி நகர்ந்தது. இந்தப் பெட்டிக்குப் பெயர் கொடுத்த ஜான் டாப்சன் சான்பிரான்சிஸ்கோவில் வேதாந்த சங்கத்து மடத்தில் துறவியாக இருந்தவர். கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்துத் தெருவில் போகிறவர்களுக்கு நிலாவைக் காட்டியவர். எண்ணெய் விடச் சொல்லி அவர் எங்கேயும் சொல்லவில்லை!

செப்டம்பர் 7 ஞாயிறு இரவு முழு சந்திர கிரகணம். பதினொரு மணிக்கு நிலா முழுதும் நிழலுக்குள் போய், 82 நிமிடம் செம்பு நிறத்தில் நின்றது. மேகம் விட்டு விட்டு மறைத்தாலும் கூட்டம் கலையவில்லை. நிலாவுக்குக் கிழக்கே சனியையும் காட்டினோம். மார்ச்சில்தான் பூமி சனியின் வளையத் தளத்தைக் கடந்திருந்தது என்பதால் வளையம் விளிம்பாகத்தான் தெரிந்தது, வெறும் கோடு. “பணியாரத்தைக் கம்பியில் குத்தின மாதிரி இருக்கு” என்றார் ஒரு பாட்டி. பேரனுக்கு ஏமாற்றம், புத்தகப் படத்தில் வேறு மாதிரி இருந்ததாம்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, ஆலங்காயம் வழியாகக் காவலூர் வானாய்வகம் போனோம். 1986-இல் திறந்த 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியின் அடியில் நின்றால் நம் எட்டு அங்குலம் தேநீர் டம்ளர்தான். ஆனால் அங்கே முதலில் நிறுவிய 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி கொடைக்கானலில் உள்ளூர்க் கைகளாலேயே செய்தது. திரும்பி வரும்போது வேனில் அதைப் பற்றித்தான் பேச்சு.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். என் பங்குக்கு ஒரு தீர்மானம் முன்வைக்கிறேன். வெளியே கொடுத்திருக்கும் ஒவ்வொரு தொலைநோக்கிக்கும் நம்மில் ஒருவர் பெயர் எழுதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர் நேரில் போய்ப் பார்த்துவர வேண்டும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மாற்றுவது, கண்ணாடிகளை நேர்படுத்துவது, குளவியை விசாரிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. பட்டியல் நிரம்பும் வரை பத்து அங்குலக் கண்ணாடி வாங்கக் கூடாது. பத்து அங்குலம் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், கேட்டவர்களில் நானும் ஒருவன்.

பட்டியல் தாள் கதவருகே மேசையில் இருக்கிறது. வரும் ஞாயிறு காலை ஐந்து மணிக்கு இரண்டாவது எட்டு அங்குலத்துக்குப் பிட்ச் ஊற்றுகிறோம். பழைய செய்தித்தாளும் பழைய சட்டையும் கொண்டு வரவும்.

செயலாளர்