மெய்ப் பகுப்பாய்வு: பழுது வினாத்தாளில் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பி.எஸ்சி. கணித மாணவர்களிடையே அரியர் என்ற பேச்சு எழுந்தால், முதலில் அடிபடும் பெயர்களுள் ஒன்று மெய்ப் பகுப்பாய்வு (ரியல் அனாலிசிஸ்), அதாவது மெய்யெண்களையும் அவற்றின் மீதான சார்புகளையும் நிறுவல்களோடு ஆராயும் பாடம். பாடம் கடினமானது என்பது மாணவர்கள் சொல்லும் காரணம். மாணவர்களுக்கு அடிப்படை போதவில்லை என்பது ஆசிரியர்கள் சொல்லும் காரணம். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும், இந்தப் பாடத்தை நெடுங்காலம் கல்லூரியில் நடத்தியவன் என்ற முறையில், பழுதின் பெரும்பகுதி வினாத்தாளில்தான் இருக்கிறது என்று கருதுகிறேன். அதைத் திருத்தப் பாடத்திட்டத்தை மாற்றவோ நிதி ஒதுக்கவோ தேவையில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

எல்லை, தொடர்ச்சித் தன்மை ஆகியவற்றை மாணவர்கள் பதினோராம் வகுப்பிலேயே சந்தித்துவிடுகிறார்கள். ஆனால் அங்கே எல்லை என்பது கண்டுபிடிக்க வேண்டிய ஒரு விடை. கல்லூரியிலோ, அதுவரை கேள்வி கேட்காமல் பயன்படுத்திவந்த ஒவ்வொன்றும் ஏன் உண்மை என்று நிறுவ வேண்டியிருக்கிறது. சார்பின் மதிப்பில் அனுமதிக்கும் வேறுபாடான எப்சிலான் எவ்வளவு சிறியதாகக் கொடுக்கப்பட்டாலும், அதற்குப் பொருந்தும் ஒரு டெல்டா, அதாவது உள்ளிடும் எண்ணில் அனுமதிக்கத்தக்க வேறுபாடு, உண்டு என்ற வரையறையில் எது முதலில் வருகிறது, எது அதைச் சார்ந்து பின்னால் வருகிறது என்ற வரிசையில்தான் முழுப் பொருளும் அடங்கியிருக்கிறது. வரிசையை மாற்றினால் வேறொரு கருத்து கிடைக்கிறது.

ஓர் எண்ணை வர்க்கமாக்கும் சார்பை எடுத்துக்கொள்வோம். 1, 1.01 ஆகிய எண்களின் வர்க்கங்கள் 0.0201 மட்டுமே வேறுபடுகின்றன. அதே 0.01 இடைவெளியில் உள்ள 100, 100.01 ஆகியவற்றின் வர்க்கங்கள் 2.0001 வேறுபடுகின்றன. 10000, 10000.01 என்று போனால் வேறுபாடு 200-ஐத் தாண்டிவிடுகிறது. ஒவ்வொரு புள்ளியிலும் இந்தச் சார்பு தொடர்ச்சியானதே. ஆனால் மெய்யெண் கோடு முழுவதற்கும் ஒரே டெல்டாவைக் கொண்டு சமாளிக்க முடியாது. தொடர்ச்சிக்கும் சீரான தொடர்ச்சிக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான். இந்தச் சிறு கணக்கைத் தன் கையால் ஒருமுறை போட்டுப் பார்த்த மாணவருக்கு இரு வரையறைகளும் பிறகு குழம்புவதில்லை. போட்டுப் பார்க்காதவர் இரண்டையும் ஒரே வாக்கியத்தின் இரு வடிவங்கள் என்றே மனப்பாடம் செய்கிறார். தேர்வில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை எழுதிவைக்கிறார்.

இந்தக் குழப்பத்திற்காக மாணவரை ஏளனம் செய்ய எவருக்கும் உரிமையில்லை. தொடர்ச்சியான சார்புகளைக் கொண்ட ஒருங்கும் தொடரின் (கூட்டக் கூட்ட ஒரு குறிப்பிட்ட மதிப்பை நெருங்கும் தொடரின்) கூட்டுத்தொகையும் தொடர்ச்சியாகவே இருக்கும் என்று 1821-இல் அச்சிட்டவர் பிரெஞ்சுக் கணித மேதை கோஷி. அதற்கு விதிவிலக்காக ஒரு சைன் தொடரை 1826-இல் கணித அறிஞர் ஆபெல் சுட்டிக்காட்டினார். வெறும் ஒருங்கல் போதாது, எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே அளவுகோலில் நெருங்கும் சீரான ஒருங்கல் வேண்டும் என்று தெளிவாவதற்கு அதன் பிறகும் காலம் பிடித்தது. ஜெர்மன் கணித அறிஞர் டெடகிண்டு 1858-இல் சூரிச்சில் நுண்கணிதம் கற்பிக்கும்போதுதான், மெய்யெண்களுக்கே உறுதியான அடித்தளம் இல்லை என்பதை உணர்ந்து அதைத் தேடத் தொடங்கினார். கண்டடைந்ததை 1872-இல்தான் வெளியிட்டார். அறிஞர்கள் அரை நூற்றாண்டு தடுமாறித் தெளிந்ததை நம் மாணவர் ஒரே பருவத்தில் கடக்கிறார். (அந்தப் பருவத்திலும் கலைவிழா, விளையாட்டு விழா, இண்டர்னல் தேர்வுகள் போக மிஞ்சும் வகுப்புகள் எத்தனை என்பது துறைத்தலைவர்களுக்குத் தெரியும்.)

இவ்வளவு நுட்பமான பாடத்தை நாம் எப்படிச் சோதிக்கிறோம்? 'போல்சானோ - வயர்ஸ்ட்ராஸ் தேற்றத்தைக் கூறி நிறுவுக' என்று பத்து மதிப்பெண்ணுக்குக் கேட்கிறோம். முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களை வரிசையாக அடுக்கினால், ஒவ்வொரு யூனிட்டிலிருந்தும் அடுத்து எந்தத் தேற்றம் வரும் என்று ஜோசியம் தெரியாதவரும் சொல்லிவிடலாம். எனவே யூனிட்டுக்கு இரண்டு நிறுவல் என்று முக்கியக் கேள்விகளின் தொகுப்பு கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் கிடைக்கிறது. மாணவர் அதை வரி பிசகாமல் உருப்போடுகிறார். 'மூடிய இடைவெளி' என்பதில் 'மூடிய' என்ற சொல் விடுபட்டால், அந்த இடத்திலிருந்து நிறுவல் முழுவதும் பொருளற்றதாகிவிடுகிறது. அது எழுதியவருக்குத் தெரிவதில்லை. கட்டுக்கட்டாக விடைத்தாள் திருத்துபவரோ முதல் வரியையும் கடைசி வரியையும் பார்த்து மதிப்பெண் போட்டுவிட்டு நகர்கிறார். அவரைக் குறைசொல்லவும் மனம் வரவில்லை.

இதே தேற்றங்களை வேறு விதமாகக் கேட்கலாம். மூடிய, வரம்புள்ள இடைவெளியில் தொடர்ச்சியான சார்பு தன் மீப்பெரு மதிப்பை அடையும் என்ற தேற்றத்தை நிறுவச் சொல்வதோடு நிறுத்தாமல், 0-வும் 1-ம் நீங்கலான திறந்த இடைவெளியில் அது பொய்யாகும் ஓர் எடுத்துக்காட்டைக் கேட்கலாம். எண்ணின் தலைகீழியை எழுதுபவருக்கு விடை உடனே கிடைக்கும். எண்ணை அப்படியே திருப்பித் தரும் சார்பை எழுதுபவர், சார்பு வரம்புக்கு உட்பட்டிருந்தாலும் 1-ஐ அடையாமலே போகலாம் என்பதையும் கண்டவராகிறார். நிறுவலின் எந்த வரி இங்கே உடைகிறது என்று ஒரு துணைக்கேள்வி போட்டால், உருப்போட்டவரும் புரிந்துகொண்டவரும் அந்த இடத்தில் பிரிந்துவிடுவார்கள். இடைநிலை மதிப்புத் தேற்றத்திற்கும் அப்படியே. வர்க்கத்திலிருந்து 2-ஐக் கழிக்கும் சார்பை விகிதமுறு எண்களில் மட்டும் வரையறுத்தால், அது 1-இல் குறை எண்ணாகவும் 2-இல் மிகை எண்ணாகவும் இருந்தும் இடையில் எங்குமே பூச்சியம் ஆவதில்லை. மெய்யெண்களின் முழுமைப் பண்பு (எண்கோட்டில் துளையே இல்லாத தன்மை) எதற்கு என்று கேட்கும் மாணவருக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. 1 − 1/2 + 1/3 − 1/4 என்று செல்லும் தொடரின் கூட்டுத்தொகை 2-இன் இயல் மடக்கை. அதே உறுப்புகளை ஒரு மிகை, இரண்டு குறை என்று மாற்றி அடுக்கினால் கூட்டுத்தொகை பாதியாகிவிடுகிறது. இதைச் சரிபார்க்கச் சொல்லும் வினா எந்த கைடிலிருந்தும் வரி வரியாக ஒப்பிக்கக்கூடியதல்ல. செய்து பார்த்தால் ஒரு பக்கத்திற்குள் முடிந்துவிடும்.

இப்படிக் கேட்டால் அரியர் பெருகும் என்று சக ஆசிரியர்கள் அஞ்சுவது எனக்குத் தெரியும். எல்லா வினாக்களையும் ஒரே ஆண்டில் மாற்றினால் அந்த அச்சம் நியாயமே. ஆனால் பல்கலைக்கழகத் தேர்வில் இந்தத் தாளில் நல்ல மதிப்பெண் பெற்றவர்கள் ஐ.ஐ.டி.களின் ஜாம் நுழைவுத்தேர்விலும், உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்விலும் இதே பகுதியில் திணறுவதை நாம் கண்டுகொண்டுதான் இருக்கிறோம். அங்கே தேற்றத்தை எழுதச் சொல்வதில்லை. ஒரு நிபந்தனையை நீக்கிவிட்டு எந்தக் கூற்று இன்னும் உண்மை என்று கேட்கிறார்கள். நம் மாணவருக்கு இது எட்டாது என்ற வாதத்தையும் ஏற்பதற்கில்லை. கணிதப் பேராசிரியர்களான ஆனந்த ராவ் மாநிலக் கல்லூரியிலும் பாதிரியார் ரசீன் லயோலா கல்லூரியிலும் கற்பித்த காலத்தில், மீனாட்சிசுந்தரம் போன்ற பகுப்பாய்வு அறிஞர்கள் இதே சென்னையிலிருந்துதான் உருவானார்கள். பேராசிரியர் எஸ். குமரேசன் 1993-இல் தொடங்கிய எம்.டி.டி.எஸ். என்ற கணிதப் பயிற்சிக் கோடை முகாம்களில், ஆசிரியர் கேள்வி கேட்க, நம்மூர்க் கல்லூரிகளின் மாணவர்களும் எழுந்து யோசித்துப் பதில் சொல்கிறார்கள்.

2023-இல் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் பொதுப் பாடத்திட்டம் வந்தபோது, விவாதம் பெரும்பாலும் தன்னாட்சிக் கல்லூரிகளின் உரிமையைச் சுற்றியே நடந்தது. எதைக் கற்பிப்பது என்பதற்குக் கிடைத்த கவனத்தில் சிறு பங்கேனும் எப்படிக் கேட்பது என்பதற்குக் கிடைக்கவில்லை. கணிதப் பாடக்குழுக்கள் அடுத்த கூட்டத்திலேயே இரண்டு தீர்மானங்களை எடுக்கலாம். மெய்ப் பகுப்பாய்வுத் தாளின் பத்து மதிப்பெண் வினாக்களில் ஒன்றேனும் நிபந்தனையை மாற்றிக் கேட்பதாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. அகமதிப்பீட்டின் ஒரு பகுதியை, மாணவர் கரும்பலகையில் ஒரு சிறு நிறுவலை விளக்கி, வகுப்பின் கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்கு ஒதுக்கலாம் என்பது மற்றொன்று. இந்த மாற்றத்தை மாதிரி வினாத்தாளுடன் பருவத் தொடக்கத்திலேயே அறிவித்துவிட வேண்டும். தேர்வு அறையில் வைத்து மாணவர்களைத் திகைக்கச் செய்வது முறையாகாது. வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு, ஒவ்வொரு தேற்றத்திற்கும் எந்த நிபந்தனை எங்கே பயன்படுகிறது என்ற குறிப்பை மூத்த ஆசிரியர்கள் எழுதித் தரலாம். அந்தப் பணிக்கு என்னைப் போன்று ஓய்வுபெற்றவர்களை அழைத்தால் ஊதியம் எதிர்பாராமல் வருவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர்,
திருச்சிராப்பள்ளி.