நூற்பாலை விடுதிக்குள் எட்டாத தணிக்கை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருப்பூர் பனியனை வாங்கும் அயல்நாட்டு நிறுவனங்கள் தொழிலாளர் உரிமைத் தணிக்கையை வலியுறுத்துவது வரவேற்கத்தக்கதே. ஆயினும் அந்தத் தணிக்கை பெரும்பாலும் தையல் கூடத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கு நூல் தரும் ஆலைகளின் விடுதிகள் வரை செல்வது அரிது. தணிக்கை நாளில் தீயணைப்புக் கருவி பளபளக்கும், வருகைப் பதிவேடு சீராக இருக்கும். விடுதியில் தங்கி ஆலையில் வேலை செய்யும் ஒரு பெண், வார்டன் துணையின்றிக் கடைவீதிக்குக்கூடப் போக முடியாது என்பது எந்தப் படிவத்திலும் ஏறாது.

கட்டாய உழைப்புக்கு எதிரான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 29ஆம் உடன்படிக்கையை இந்தியா 1954இலேயே ஏற்றது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்று, ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்தது. அப்படியிருக்க, கூலியின் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, ஒப்பந்தக் காலம் முடிந்தால்தான் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகத் தருவோம் என்னும் சுமங்கலித் திட்ட முறையை எந்தச் சட்டம் அனுமதிக்கிறது?

சங்கம் அமைப்பதற்கும் கூட்டுப்பேரத்துக்குமான, அதே பன்னாட்டு அமைப்பின் 87, 98ஆம் உடன்படிக்கைகளை நம் நாடு இன்னும் ஏற்கவில்லை. என் பார்வையில் சிக்கலின் வேர் அதுவே. அவற்றை ஏற்கும் வரை, தொழிலாளர் துறை பெண் அலுவலர்களைக் கொண்டு முன்னறிவிப்பின்றி விடுதிகளை ஆய்வு செய்து, அறிக்கையை வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பல்லடம்