மூன்று நாள் முந்தினால் போதுமே

ஆசிரியருக்கு வணக்கம்.

டெக்கன் 8 சண்டை விளையாட்டில் எடி கோர்டோ கூடுதல் பாத்திரமாக வந்தபோது, பாஸ் (வரப்போகும் பாத்திரங்களை மொத்தமாக முன்கூட்டியே வாங்குவது) வாங்கியவர்களுக்கு 2024 ஏப்ரல் 1-ஆம் தேதியே கிடைத்துவிட்டார். அவரை மட்டும் தனியாக வாங்க நினைத்தவர்கள் 4-ஆம் தேதி வரை காத்திருந்தார்கள். மூன்று நாள்தானே என்பவர்கள் இதை ஆடிப் பார்த்ததில்லை போலும். நொடிக்கு 60 பிரேம், அதாவது 60 படம், ஓடும் ஆட்டம் இது. எந்த அடியைத் தடுத்தால் பத்து பிரேமில் விழும் குத்தைத் திருப்பிக் கொடுக்கலாம், எதற்குக் குனிய வேண்டும், எதற்குப் பக்கவாட்டில் நகர வேண்டும் என்பதெல்லாம் விரலில் ஊற வேண்டும், வீடியோ பார்த்து வராது. கம்பெனி காசு பார்க்கட்டும், அதில் புகார் இல்லை (நானும் பாஸ் வாங்கியவன்தான்). ஆனால் அந்தச் சமயத்தில் பரிசுத் தொகை வைத்துப் போட்டி நடத்துபவர்கள் புதுப் பாத்திரத்தை அனுமதிக்கலாமா? எல்லோருக்கும் கிடைத்த நாளிலிருந்து இரண்டு வாரமாவது தடை வைக்கட்டும். காசு போட்டு ஆடும் ஆர்கேட் கூடங்களின் காலத்தில் புது மெஷின் முதலில் வந்த ஊர்க்காரருக்கு லாபம் இருந்தது, சரி, பெட்டியை லாரியில் ஏற்றித்தானே அனுப்ப வேண்டும். இங்கே அந்தச் சாக்கும் இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்