கறுப்புப் பட்டை மீது ஏன் இத்தனை கோபம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் தொழில்நுட்பக் கேள்வி பதில் பகுதியில், பழைய கல்யாண கேசட்டைக் கணினியில் ஏற்றுவது பற்றி ஒரு வாசகர் கேட்டிருந்தார். "பிரேம் அளவை 1920க்கு 1080 என்று வைத்துப் படத்தைத் திரை முழுவதும் நிரப்பிக்கொள்ளுங்கள், பக்கங்களில் கறுப்புப் பட்டை தெரிந்தால் அது பழைய பதிவின் குறைபாடு" என்று பதில் தந்திருக்கிறீர்கள். இதை நம்பி எத்தனை வீட்டுப் பாட்டிகள் ஒரே இரவில் பருமனாகப் போகிறார்களோ!

நான் வி.எச்.எஸ். காலத்திலிருந்து தென்காசியில் கல்யாண வீடியோ எடுப்பவன். தங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லிவிடப் போவதில்லை. அந்தக் கேசட்டில் இருப்பது 4:3 படம், அதாவது அகலம் நான்கு பங்கென்றால் உயரம் மூன்று பங்கு. இன்றைய டிவி 16:9. அதைத் திரை முழுக்க நிரப்ப வேண்டுமானால் அகலவாக்கில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இழுக்க வேண்டும், இல்லையென்றால் உயரத்தில் கால் பங்கை வெட்டி எறிய வேண்டும். இழுத்தால் மாப்பிள்ளை குண்டாவார். வெட்டினால் மெட்டி போடும் காட்சியில் பாதம் இருக்காது. 1080 உயரத்துக்கு 1440 அகலம் வைத்து, இரு பக்கமும் 240 பிக்சலை (படப் புள்ளியை) கறுப்பாகவே விட்டுவிட்டால் எந்தக் கேடும் இல்லை. அதைத்தான் குறைபாடு என்கிறீர்கள்.

போன ஆண்டு ஒரு குடும்பத்தார், நான் எடுத்த கேசட்டை வெளியூரில் ஏதோ ஒரு கடையில் கொடுத்து மாற்றி வாங்கிக்கொண்டு, "எங்கள் அம்மாவை இப்படியா எடுத்து வைத்தீர்கள்?" என்று என்னிடமே சண்டைக்கு வந்தார்கள். அந்த அம்மா காலமாகிவிட்டார். ஒல்லியான உடம்புக்காரர், கன்னம் ஒட்டிய முகம். பென் டிரைவில் இருந்தவர் வேறு யாரோ. அசல் கேசட்டைப் போட்டுக் காட்டிய பிறகுதான் என் பெயர் தப்பியது. நல்லவேளையாக அவர்கள் அதை வீசிவிடவில்லை. "மாற்றியாயிற்று என்றால் கேசட்டைக் குப்பையில் போடலாம்" என்று முன்பொரு முறை எழுதியதும் தங்கள் இதழ்தான். அப்போதே கடிதம் போட்டேன். பிரசுரமாகவில்லை. இடமில்லாமல் இருந்திருக்கும்.

அளவை மட்டும் சொன்னால் போதாது என்பதும் தங்களுக்குத் தெரியும். மினி டி.வி. (டிஜிட்டல் வீடியோ) டேப்பில் 720க்கு 576 என்ற ஒரே பிரேமில் 4:3 படமும் உண்டு, 16:9 படமும் உண்டு. மாறுவது பிக்சலின் வடிவம், அதாவது அதன் அகல உயர விகிதம். எச்.டி.வி. (உயர்தெளிவு வீடியோ) டேப்பில் பிக்சலே அகலமானது; அங்கே 1440க்கு 1080 என்று இருப்பதைப் பார்த்து 4:3 என்று முடிவு கட்டினால், அகலப் படம் ஒடுங்கி எல்லோரும் ஒட்டடைக்குச்சியாக நிற்பார்கள். பிக்சல் விகிதத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாமல் இப்படி ஒரு பதிலை எழுதத் தனித் துணிச்சல் வேண்டும்.

டிவிக்காரர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைத் திரைக்கு ஏற்ப வெட்டுகிறார்கள். பரதம் ஆடுகிறவருக்குப் பாதம் இல்லை. சினிமாஸ்கோப் என்னும் மிக அகலமான படமென்றால் பக்கவாட்டில் வெட்டு. ஆளுக்கொரு ஓரத்தில் நின்று பேசுகிற இருவரும் காணாமல் போய், நடுவிலிருக்கும் தூண் மட்டும் வசனம் பேசுகிறது. 1973இல் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக ராஜராஜ சோழன் வந்தது. அதன் பிறகு வந்த ஸ்கோப் படங்களை நான் தியேட்டரில் பார்த்த நாட்களில், முதலில் அரசாங்கச் செய்திப் படம் நடுவில் சதுரமாக ஓடும். பிறகு ஆபரேட்டர் லென்ஸை மாற்றுவார். பக்கத்துத் திரைச்சீலைகள் விலகும். செய்திப் படத்தின் இருபுறமும் காலியாக இருந்ததற்காக யாரும் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்கவில்லை. இன்றோ 55 அங்குல டிவியில் ஒரு விரற்கடை கறுப்பாகத் தெரிந்தால்கூட, "படம் முழுதாக வரவில்லையே" என்று எனக்கு போன் வருகிறது.

பொங்கல் மலரில் நாதஸ்வரக் கச்சேரிப் படம் ஒன்று போட்டிருந்தீர்கள். பத்தி அகலத்துக்காக இழுத்ததில் தவில் வெள்ளரிக்காய் போல நீண்டுவிட்டது. அதையும் வாய் திறக்காமல்தான் பொறுத்துக்கொண்டேன்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. "4:3 பதிவை 4:3 ஆகவே மாற்றுங்கள்" என்று அடுத்த இதழில், அதே பகுதியில், அதே எழுத்தளவில் ஒரு வரி போடுங்கள். கேள்வி கேட்ட வாசகரின் முகவரி தங்களிடம் இருக்குமானால், அவர் கேசட்டைக் கடையில் கொடுப்பதற்குள் ஓர் அஞ்சலட்டையும் எழுதிப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
தென்காசி