‘சில அமர்வுகளில் மறையும்’ என்ற வரி குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார மருத்துவப் பக்கத்தில், ‘புற ஊதா லேசர் சிகிச்சையால் வெண்குஷ்டம் சில அமர்வுகளிலேயே நிரந்தரமாக மறைந்துவிடும்’ என்று ஒரு வரி வெளியாகியிருந்தது. 18 ஆண்டுகளாகத் தங்கள் இதழை விடாமல் வாங்கிப் படித்துவருபவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். அந்த வரியில் நோய்க்கு இட்ட பெயரும் தவறு, கொடுத்த வாக்குறுதியும் தவறு.

ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் அந்தப் பக்கத்தைக் கையோடு கொண்டுவந்தார். “பத்திரிகையிலேயே போட்டிருக்கிறார்கள் அண்ணி, நாலு தடவை லேசர் வைத்தால் போய்விடுமாம். இன்னும் ஏன் இவளை இப்படியே வைத்திருக்கிறீர்கள்?” என்று என் மகள் எதிரிலேயே கேட்டார். அவள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இந்த லேசரைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செனான், குளோரின் வாயுக்களைக் கொண்டு 308 நானோமீட்டர் அலைநீளத்தில் உண்டாக்கப்படும் எக்ஸைமர் ஒளி அது; சொரியாசிஸ் என்ற வேறொரு தோல் நோய்க்கு அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டிலேயே அனுமதி பெற்றது. உடல் முழுவதையும் ஒளிப்பெட்டிக்குள் நிறுத்தாமல், பாதிக்கப்பட்ட இடத்தில் மட்டும் ஒளியைப் பாய்ச்சலாம் என்பதே அதன் சிறப்பு. அந்தச் சிறப்பை நான் மறுக்கவில்லை, என் மகளின் முகமே அதற்குச் சாட்சி.

2022-இல் வாரம் இருமுறை, செவ்வாயும் வெள்ளியும், கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்குப் பேருந்தில் போய்வந்தோம். கறுப்புக் கண்ணாடி மாட்டிப் படுக்க வைத்து, தபால் முத்திரை குத்துவதைப் போலக் கருவியின் கைப்பிடியைப் புருவத்தருகே இடம் மாற்றி மாற்றி வைப்பார்கள். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். மறுநாள் அந்த இடம் வெயிலில் கன்றியது போலச் சிவந்திருக்கும். ஏழாவது வாரத்தில், வெள்ளைத் தோலின் நடுவே மயிர்க்கால்களைச் சுற்றிக் கடுகளவில் மூன்று பழுப்புப் புள்ளிகள் தெரிந்தன. அன்று இரவு அவள் கண்ணாடியை விட்டு நகரவே இல்லை. அந்தப் புள்ளிகள் பெருகி ஒன்றோடொன்று கூடி, நெற்றியோரம் ஏறக்குறைய முழுவதும் நிறம் சேர்வதற்கு 32 அமர்வுகள் ஆயின. அதைத்தான் தங்கள் இதழ் ‘சில’ என்கிறது.

விரல் நுனிகளுக்கும் இப்படியே நிறம் வந்துவிடும் என்று சொல்லி, அந்தக் கிளினிக்கில் மேலும் 24 அமர்வுகளுக்கு முன்பணம் வாங்கினார்கள். ஒரு புள்ளிகூட வரவில்லை. நிறமி தரும் செல்கள் பெரும்பாலும் மயிர்க்கால்களிலிருந்துதான் மேலேறி வருகின்றன என்பதையும், விரல் நுனியில் மயிர்க்கால்களே கிடையாது என்பதையும், முகமும் கழுத்தும் இந்தச் சிகிச்சைக்கு இணங்கும் அளவுக்குக் கைவிரல்களும் பாதங்களும் இணங்குவதில்லை என்பதையும் பின்னர் வேறொரு தோல் மருத்துவர் இரண்டே நிமிடத்தில் எங்களுக்கு விளக்கினார். நிறம் திரும்பிய இடம் மறுபடியும் வெளுக்கக்கூடும் என்றும் அவர்தான் சொன்னார். சென்ற ஆண்டு இடது காதோரம் அப்படியே வெளுத்தது. ‘நிரந்தரமாக’ என்ற சொல்லை அந்த வரியில் படித்தபோது என் கை நடுங்கியது.

பெயர் விஷயமும் சிறியதல்ல. குஷ்டம் கிருமியால் வருவது. இதுவோ உடலின் எதிர்ப்புச் சக்தி தன் நிறமிச் செல்களையே தாக்குவதால் வருவது, தொட்டாலும் சேர்ந்து உண்டாலும் ஒட்டாது. ‘வெண்புள்ளிகள்’ என்றே வழங்க வேண்டும் என்று தமிழக அரசே ஆணையிட்டிருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். என் மகள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் தாயார் பள்ளிக்கு வந்து, தன் பிள்ளையை வேறு பெஞ்சுக்கு மாற்றச் சொன்னார். அந்த அம்மாளைப் பயமுறுத்தியது என் மகளின் தோலன்று, ‘குஷ்டம்’ என்ற சொல்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, முப்பது நாளில் வெண்புள்ளி மறையும் என்ற விளம்பரம் தங்கள் கடைசிப் பக்கத்தில் வந்தபோதும் எழுதினேன். குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் பட்டியலில் இந்நோயை 1954-ஆம் ஆண்டின் சட்டமே சேர்த்திருக்கிறது என்பதையும் அதில் குறிப்பிட்டிருந்தேன். கடிதம் கிடைத்தது என்று ஒரு வரிகூடத் தங்களிடமிருந்து வரவில்லை. அதை நான் பொறுத்துக்கொண்டேன். விளம்பரத்தை நம்பாதே என்று பிள்ளைக்குச் சொல்லிவிடலாம். மருத்துவப் பக்கத்தையே நம்பாதே என்று எப்படிச் சொல்வேன்?

நான் கேட்பது நான்கு வரிகள். நோயின் பெயரைத் திருத்தி, பலன் உடலின் இடத்தைப் பொறுத்து மாறும், மாதக்கணக்கில் ஆகும், திரும்பவும் வெளுக்கலாம் என்று அடுத்த இதழில் அதே மருத்துவப் பக்கத்தில் வெளியிட்டால் போதும். அந்த இதழை நானே என் நாத்தனார் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கும்பகோணம்