உயர்மின் கம்பிக்குக் கீழே

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மின்காந்தப் புலம் பற்றிய கட்டுரையில், "குறைந்த அதிர்வெண் புலம் உயிரணுக்களை ஒன்றும் செய்யாது, கோபுரத்தடியில் குடியிருப்பவர்கள் சொல்வது மனப்பிரமை" என்று ஒரு வரி. இருபது வருஷ வாசகன் நான். அந்த ஒரு சொல் இரண்டு நாளாக என்னைத் தூங்க விடவில்லை.

எங்கள் கடலைக்காட்டுக்கு மேலே 400 கிலோவோல்ட் கம்பி போகிறது. இருட்டியதும் பழைய டியூப் லைட் ஒன்றை நட்டமாகக் கையில் பிடித்து நின்றால், எந்த ஒயரும் இல்லாமல் மினுக்மினுக்கென்று எரியும். தூறல் விழுந்தால் கம்பி பொரிகிற சத்தம் வாசல் வரை கேட்கும். முள்வேலியைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கும். என் வீட்டுக்காரி தூக்குப்போசியோடு அந்த வழியே போவதை விட்டு நாளாகிறது. இதுவா மனப்பிரமை?

மின்கம்பியைச் சுற்றியிருக்கும், நொடிக்கு ஐம்பது முறை மாறுகிற 50 ஹெர்ட்ஸ் புலத்துக்கு டிஎன்ஏ-வை உடைக்கிற பலம் கிடையாது. சரி, ஒத்துக்கொள்கிறேன். அதற்காக 'ஒன்றும் செய்யாது' என்று எழுதிவிடலாமா? சேராத எலும்பைச் சேர்க்க, விட்டுவிட்டுத் துடிக்கும் மின்காந்தப் புலம் தரும் கருவிக்கு அமெரிக்காவில் 1979-லேயே அனுமதி கொடுத்தார்கள். உயிரணுவுக்கு எதுவுமே உறைக்காது என்றால், அந்தக் கருவியை எதற்கு அனுமதித்தார்கள்? உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2002-இல் இந்தக் காந்தப் புலத்தை, புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை என்னும் 2பி பிரிவில் வைத்தது தாங்கள் அறியாததல்ல. வீட்டுக்குள் காந்தப் புலம் சராசரி 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு (அந்தப் புலத்தை அளக்கும் அலகு) மேல் இருந்த குழந்தைகளிடம் ரத்தப் புற்றுநோய் ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரிந்தது. புலத்தால்தான் வந்தது என்று நிரூபணமாகவில்லை. நானும் அப்படிச் சொல்ல வரவில்லை. ஆனால் என் பேரன் அந்தக் கம்பிக்குப் பக்கத்து அறையில்தான் தூங்குகிறான்.

கோபுரம் போட வந்தவர்கள் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் என்று நாங்கள் கேட்டதற்கு, நிலத்துக்காரர் சம்மதம் இல்லாமலே கம்பி இழுக்க இடம் தந்த 1885-ஆம் வருஷத்துத் தந்திச் சட்டத்தைக் காட்டினார்கள். காய்த்துக்கொண்டிருந்த பதினான்கு தென்னையை ஒரே பகலில் சாய்த்தார்கள். இழப்பீட்டுக்கு அலைந்தது தனிக்கதை. அப்புறம் கடன் கேட்டுப் போனால், கம்பி போகிற நிலம் என்று மதிப்பைக் குறைத்தார்கள். இதையெல்லாம் போன வருஷம் உங்களுக்கு நான்கு பக்கம் எழுதினேன். இடமில்லை போலும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். இப்போது எங்களைப் பிரமை பிடித்தவர்கள் என்று சொல்ல மட்டும் இடம் கிடைத்திருப்பதுதான் மனதை அறுக்கிறது.

என் வீட்டுத் திண்ணையில் எத்தனை மைக்ரோடெஸ்லா இருக்கிறது என்று கம்பி போட்டவர்களிடம் மூன்று முறை எழுதிக் கேட்டேன். பதில் இல்லை. கட்டுரை எழுதியவர் அளவுமானியோடு ஒரு நாள் வரட்டும். பேரன் படுக்கிற அறையிலும் கடலைக்காட்டிலும் அளந்து, வருகிற எண்ணை அப்படியே அச்சிடுங்கள். குறைவாக வந்தால் எனக்கு நிம்மதிதான். அந்தச் சொல்லை மட்டும் அடுத்த இதழில் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
பல்லடம் வட்டம்